அடுப்பங்கரை ஆன சேப்பல்: லாங் வீக்கெண்டு டைரி

வெள்ளி ராத்திரி, டூக்ஸ்பரி

மே மாசம் லாங் வீக்கெண்டுன்னா எல்லாரும் பீச்சுக்கோ மலைக்கோ ஓடுவாங்க, நாங்க இங்கிலாந்துல செவர்ன் ஆத்தங்கரையில டீர்ஹர்ஸ்ட்னு ஒரு குட்டி கிராமத்துல இருக்கற ஓடா சேப்பல்னு ஒரு குட்டி சேப்பலப் (சின்ன சர்ச்) பாக்கக் கெளம்பினோம். ஐடியா என்னோடதுதான். வீட்டுக்காரர் "டிக்கெட் எவ்ளோ?"ன்னு மட்டும் கேட்டார், ஃப்ரீன்னு சொன்னதும் கார் சாவிய எடுத்துட்டார். சின்னவனுக்கு மட்டும் ஒரு லஞ்சம் குடுக்க வேண்டியிருந்துச்சு, அது என்னன்னு நாளைக்குச் சொல்றேன்.

எம்5 ஹைவேல வழக்கம்போல டிராஃபிக்கு. சாயங்காலமாத்தான் டூக்ஸ்பரி வந்து சேந்தோம், இங்கேருந்து டீர்ஹர்ஸ்ட் கிட்டத்தான். ரூம்ல பையப் போட்டுட்டு ஆபி சர்ச்ச (பழைய துறவி மடத்தோட சர்ச்) ஒரு சுத்து சுத்தினோம். 1121ல அபிஷேகம் பண்ணினது, 1066ல ஃபிரான்ஸ்லேருந்து வந்து இங்கிலாந்தப் பிடிச்ச நார்மன்காரங்க கட்டின கோபுரம், கழுத்து வலிக்கிற அளவுக்கு நிமிந்து பாக்கணும். இதப் பத்தி ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு விட்டுடறேன், ஏன்னா நாளைக்கு வரப்போறதுக்கு அது வேணும். எட்டாம் ஹென்றி நாட்டுல இருந்த மடத்த எல்லாம் இழுத்து மூடினான் இல்லையா, டூக்ஸ்பரி மடம் 1540ல போச்சு, கடைசியா போனதுல ஒண்ணு. மடம் போனா சர்ச்சும் போகணும், கூரையில இருக்கற ஈயத்த உருக்கி, மணிய எறக்கி வித்துட்டு மிச்சத்த கல்லுக்காக இடிப்பாங்க. இந்த ஊர்க்காரங்க என்ன பண்ணாங்கன்னா, இது எங்க ஊர் சர்ச்சும்தான், நாங்களே வாங்கிக்கறோம்னு சொல்லி 453 பவுண்டு கட்டினாங்க. அந்த 453 எப்படி வந்துச்சுன்னா ஈயமும் மணியும் என்ன வெல போகுமோ அந்தக் கணக்கு. அவ்ளோ பெரிய கட்டடத்துக்கு ராஜா போட்ட மதிப்பு பழைய இரும்புக் கடை மதிப்பு, அவ்ளோதான்.

காசு குடுக்க ஒரு ஊர் இருந்ததால டூக்ஸ்பரி தப்பிச்சுது. யாருமே காசு குடுக்காத, குடுக்கணும்னு யாருக்கும் தோணாத ஒரு சின்ன சேப்பல் எப்படி 970 வருஷம் நின்னுச்சுங்கறதுதான் நாளைய கதை. ஃபிஷ் அண்ட் சிப்ஸ் சாப்ட்டாச்சு, வினிகர் ஜாஸ்தி. தூங்கப் போறேன்.

சனி, டீர்ஹர்ஸ்ட்

காலைல வெயில். டீர்ஹர்ஸ்ட் போற ரோடு ஒரு கார் போற அகலம்தான், எதுத்தாப்ல டிராக்டர் வந்தா யாராவது ஒருத்தர் பின்னாடி போயே ஆகணும், அது எப்பவும் நாமதான். ரெண்டு பக்கமும் புல்வெளி, ஆறு பொங்கினா இது எல்லாமே தண்ணிக்குள்ள போயிடும், 2007 ஜூலை வெள்ளத்துல டூக்ஸ்பரி ஆபி தீவு மாதிரி நின்ன ஃபோட்டோ நெறைய பேர் பாத்திருப்பீங்க, அதே செவர்ன்தான் இங்கயும்.

ஓடா சேப்பல் ரோட்டுலேருந்து பாத்தா சேப்பல்னே தெரியாது. கருப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமா ஒரு பழைய பண்ணை வீடு நிக்கும், அதோட ஒட்டிப் பொறந்த மாதிரி கரடுமுரடான கல்லுல ஒரு கட்டடம். வீடு தனியார் வீடு, அதுக்குள்ள போகக்கூடாது, சேப்பல் மட்டும் பழைய கட்டடங்களப் பாதுகாக்கற இங்கிலீஷ் ஹெரிடேஜ் பொறுப்புல. கேட்டத் தொறந்து நேரா உள்ள போகலாம், கவுண்டர் கிடையாது, ஆள் கிடையாது, கிஃப்ட் ஷாப் கிடையாது.

உள்ள... ஒண்ணுமே இல்ல. நெசமாத்தான். பெஞ்சு இல்ல, பீடம் இல்ல, வர்ணக் கண்ணாடி இல்ல. உயரமான வெறும் சுவர், மேல ரெண்டு சின்ன ஜன்னல், நடுவுல ஒரு ஆர்ச், அந்தாண்ட சான்செல்னு சொல்ற உள்ரூம். வீட்டுக்காரர் பின்னாடி கைய கட்டிக்கிட்டு ஒரு நிமிஷம் சுத்திப் பாத்துட்டு "இதுக்கா நூறு மைல்?"னு கேட்டார். "கொஞ்சம் பொறுங்க, அந்தக் கல்லப் படிப்போம்"னேன்.

சுவர்ல ஒரு கல்வெட்டோட நகல் இருக்கு. அசல் கல்லு ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் மியூசியத்தோடது. லத்தீன்ல பெரிய பெரிய எழுத்தா வெட்டினது, சாராம்சம் இதுதான்: ஓடாங்கற எர்ல் (பெரிய பிரபு), இந்த இடத்துல உயிர விட்ட தன் கூடப்பொறந்த ஏல்ஃப்ரிக்கோட ஆன்மாவுக்காக இதக் கட்டச் சொல்லி பரிசுத்த திரித்துவத்தோட பேர்ல அர்ப்பணிச்சான், ஆல்ட்ரெட் பிஷப் வந்து ஏப்ரல் 12ஆம் தேதி அபிஷேகம் பண்ணி வச்சார், இங்கிலாந்து ராஜா எட்வர்டோட 14ஆவது ஆட்சி வருஷத்துல. அதாவது 1056. யார் கட்டினது, யாருக்காக, யார் வந்து அபிஷேகம் பண்ணினது, எந்த வருஷம் எந்த நாள்னு அத்தனையும் ஒரே கல்லுல. இங்கிலாந்துல அந்தக் காலத்துச் சர்ச்சுக்கெல்லாம் பெரும்பாலும் "இந்த நூற்றாண்டா இருக்கலாம்"னுதான் போர்டு இருக்கும், சண்டை போட்டுக்கிட்டே இருப்பாங்க. இங்க தேதியே இருக்கு. அதனாலதான் சாக்சன் (நார்மன்காரங்க வர்றதுக்கு முந்தின இங்கிலாந்து) கட்டடக் கலை படிக்கறவங்களுக்கு இந்தக் குட்டி ரூம் அவ்ளோ முக்கியம், மூலைல கல்ல நெட்டையா ஒண்ணு படுக்கையா ஒண்ணுன்னு மாத்தி மாத்தி அடுக்கியிருக்கறதும், ஜன்னல் உள்பக்கமும் வெளிப்பக்கமும் விரிஞ்சு நடுவுல குறுகியிருக்கறதும், 1056ல இப்படித்தான் கட்டினாங்கன்னு கைய வச்சுச் சொல்லலாம், அத வச்சு தேதி இல்லாத மத்த கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பாக்கலாம்.

இந்த ஓடா சின்ன ஆளில்ல. எட்வர்ட் ராஜாவுக்கு உறவுக்காரன். 1051ல காட்வின்ங்கற ரொம்ப பலமான எர்லோட குடும்பத்த ராஜா நாட்ட விட்டே தொரத்தினப்போ, தென்மேற்குப் பகுதி எல்லாம் இவன் கைக்கு வந்துச்சு. அடுத்த வருஷமே காட்வின் திரும்பி வந்துட்டான், வந்த பதவி போச்சு. 1053 டிசம்பர்ல ஏல்ஃப்ரிக் இங்க டீர்ஹர்ஸ்ட்ல சாகறான். சேப்பல் கட்டி முடிச்சு அபிஷேகம் ஆனது 1056 ஏப்ரல், ஓடா அதே வருஷம் ஆகஸ்ட் 31 அன்னிக்கு செத்துப்போனான், சாகறதுக்கு முன்னாடி துறவியா ஆயிட்டான். சேப்பல முழுசா ஒரு அஞ்சு மாசம் கூட அவன் பாக்கல. அபிஷேகம் பண்ணின ஆல்ட்ரெட்தான், பின்னாடி யார்க் ஆர்ச்பிஷப் ஆகி, 1066 கிறிஸ்மஸ் அன்னிக்கு வெஸ்ட்மின்ஸ்டர்ல நார்மண்டி வில்லியமுக்கு முடி சூட்டி வச்சவர். இந்த ஆர்ச்சுக்குக் கீழ நின்னு மந்திரம் சொன்ன அதே மனுஷன் பத்து வருஷத்துல மொத்த நாடும் கை மாறறதுக்கும் சாட்சி.

சரி, இப்போ அடுப்பங்கரைக்கு வர்றேன். ஓடாவுக்கு அப்பறம் இந்த நிலபுலன எட்வர்ட் ராஜா வெஸ்ட்மின்ஸ்டர் ஆபிக்குக் குடுத்துட்டார், பக்கத்துல இருக்கற ப்ரையரிங்கற சின்ன மடம் பாரிஸ்ல இருக்கற செயின்ட் டெனிஸ் மடத்துக்குப் போச்சு. ஒரு கிராமம், ரெண்டு நாட்டு மொதலாளிங்க. இந்த வீட்டுக்கு இன்னிக்கும் ஆபட்ஸ் கோர்ட்னு பேர் இருக்கறது அந்த வெஸ்ட்மின்ஸ்டர் ஆபட்டாலதான் (மடத் தலைவர்). போகப் போக சேப்பல்ல பூச நின்னுபோச்சு, வீடு வளந்துச்சு, வளந்த வீடு சேப்பல அப்படியே முழுங்கிடுச்சு. பூச நடந்த பெரிய ரூம் சமையலறை. உள்ரூமுக்கு நடுவுல பலகை போட்டு மாடியும் கீழயுமா ரெண்டாக்கி அதுல குடித்தனம். சுவர்மேல பூச்சு மேல பூச்சு. ஜன்னல அடைச்சாச்சு, வேணுங்கற எடத்துல புது ஜன்னல் வெட்டியாச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, 1675லயே அந்தக் கல்வெட்டு கெடச்சுடுச்சு. சர் ஜான் பவல்னு ஒரு ஜட்ஜ், பக்கத்துத் தோட்டத்துல, மரங்களுக்கு நடுவுல இருந்து எடுத்தார். அறிஞருங்க எல்லாம் என்ன நெனச்சாங்கன்னா இது அந்தப் பெரிய ப்ரையரி சர்ச்சோட கல்லுன்னு. ஏன்னா ஊர்ல அதுதானே கண்ணுக்குத் தெரியுது. கல்லு ஆக்ஸ்போர்டுக்குப் போயிடுச்சு, கல்லு யாரப் பத்திப் பேசுதோ அந்தக் கட்டடத்துக்குள்ள அப்பவும் கஞ்சி கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் இருநூறு வருஷம் கழிச்சு, 19ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில, வீட்ட ரிப்பேர் பண்ணும்போது பூச்சு உதிர்ந்து உள்ள சாக்சன் ஜன்னல் எட்டிப் பாக்குது. ஊர் விகாரா, அதாவது பாதிரியாரா இருந்த பட்டர்வொர்த் இத விடாம பிடிச்சு இதுதான் ஓடா கட்டினதுன்னு நிறுவினார். வீட்டுக் கட்டுமானத்துக்குள்ளயே சொருகியிருந்த இன்னொரு கல்லும் கெடச்சுது, உடைஞ்சதுதான், ஆனா அதுலயும் திரித்துவத்தோட பேர்ல இந்த பீடம் அர்ப்பணிக்கப்பட்டதுன்னு இருக்கு. ரெண்டும் பொருந்திப்போச்சு.

எங்க பாத்தாலும் இத "தொலைஞ்சுபோன சேப்பல்"னுதான் எழுதறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. தொலைஞ்சு எங்க போச்சு? தெனமும் யாரோ ஒரு பொம்பள இங்க நின்னு அடுப்பு மூட்டியிருக்கா, ரொட்டி சுட்டிருக்கா, புகை போகலன்னு திட்டியிருக்கா. கூரை ஒழுகினா அன்னிக்கே சரி பண்ணியிருப்பாங்க, ஏன்னா கீழ சோறு. அந்தப் புழக்கம்தான் இதக் காப்பாத்திச்சுன்னு நான் நெனைக்கறேன். காலி சேப்பலா விட்டிருந்தா கூரை போய், கல்ல ஆளுக்கு ஒரு வண்டி ஏத்திக்கிட்டுப் போயிருப்பாங்க. பெருமையா வச்சுக் கொண்டாடியிருந்தா அதுவும் ஆபத்துதான், ஒவ்வொரு தலைமுறையும் இடிச்சு இன்னும் பெருசா கட்டியிருக்கும். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், "அப்போ சமையக்கட்டுதான் ஜெயிச்சுது"ன்னார், சரி ஒத்துக்கிட்டா போதும்.

சின்னவன் கேள்வி வேற: "அம்மா, அவங்களுக்குத் தெரியுமா இது சர்ச்சுன்னு?" நல்ல கேள்வி. மொதல் தலைமுறைக்குக் கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும். நாலாவது தலைமுறைக்கு இது வெறும் தடிச்ச சுவர், குளிருக்கு நல்லது.

மத்தியானம் கொஞ்ச தூரம் நடந்து செயின்ட் மேரிஸ் சர்ச், அதான் அந்த ப்ரையரி. இது ஓடாவுக்கும் மின்னாடி, ஆயிரத்து நூறு ஆயிரத்து இரநூறு வருஷக் கட்டடம். இது மட்டும் வேற ஊர்ல இருந்தா க்யூ நிக்கும். வாசல்ல கல்லுல செஞ்ச மிருகத் தலைங்க, யாளி மாதிரி மூக்க நீட்டிக்கிட்டு, பூசின வர்ணத்தோட மிச்சம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. உள்ள மேற்குச் சுவர்ல ஒசரத்துல ஒரு ஜோடி ஜன்னல், மேல வளைவா இல்லாம முக்கோணமா. கான்டர்பரி ஆர்ச்பிஷப்பா இருந்து 1012ல டேன்ஸ்காரங்க (டென்மார்க் படைங்க) கையால கிரீன்விச்சுல செத்த செயின்ட் ஆல்ஃபெஜ் மொதல்ல இந்த மடத்துலதான் துறவியா இருந்தார். 1016ல டேன்ஸ் ராஜா கனூட்டும் இங்கிலாந்து ராஜா எட்மண்ட் அயர்ன்சைடும் நாட்டப் பங்கு பிரிச்சுக்கிட்டதும் இந்த டீர்ஹர்ஸ்ட் பக்கத்துல இருந்த ஒரு ஆத்துத் தீவுலதான்னு பழைய வருஷக் குறிப்புல இருக்கு.

ஞானஸ்நானத் தொட்டிய மட்டும் தனியா சொல்லணும். முழுக்க சுருள் சுருளா வேலப்பாடு, 9ஆம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. இதோட கிண்ணம் ஒரு பண்ணையில தொட்டியா கெடந்துச்சு, தண்டு தனியா வேற எடத்துல கெடச்சுது, ரெண்டையும் 19ஆம் நூற்றாண்டுலதான் சேத்து வச்சாங்க. இந்த ஊரே இப்படித்தான் போல, ஒரு பொருளத் தூக்கிப்போட மனசே வராது, வேற எதுக்காவது ஆகும்னு வச்சுக்குவாங்க.

சின்னவனுக்குக் குடுத்த லஞ்சம் இங்கதான். தரையில ஒரு பித்தளைத் தகடு, சர் ஜான் காசி, பெரிய நீதிபதி, 1400ல இறந்தவர். பக்கத்துல அவர் பொண்டாட்டி ஆலிஸ், அந்தம்மா கால்கிட்ட கழுத்துல மணி கட்டின ஒரு நாய்க்குட்டி, அதுக்குக் கீழயே பேரும் போட்டிருக்கு: டெர்ரி. அந்தக் காலத்துத் தகடுங்கள்ல நாய் நெறைய உண்டு, பேரோட இருக்கற நாய் அபூர்வம். சின்னவன் தரையில குப்புற விழுந்து அரை மணி நேரம் டெர்ரிய வரைஞ்சான். ஜட்ஜ் முகத்த அவன் ஏறெடுத்தும் பாக்கல.

கெளம்பும்போது பின்பக்கம் போயி இடிஞ்ச சுவர்ல ஒசரத்துல இருக்கற தேவதூதன் சிற்பத்தையும் பாத்துட்டோம். கழுத்து வலி, ரெண்டாவது நாளும்.

ஞாயிறு

எழுத ஒண்ணும் இல்ல. நாள் பூரா கார். குளோஸ்டர்ஷயர்லேருந்து எசெக்ஸ் வரைக்கும் நாட்டையே குறுக்க வெட்டிக்கிட்டு வந்தோம், எம்25ல நின்னு நின்னு. சப்பாத்தியும் உருளைக்கெழங்கும் கட்டிக்கிட்டு வந்தது ஒரு சர்வீஸ் ஸ்டேஷன் கார் பார்க்குல தீந்துச்சு. ராத்திரி மால்டன், உப்பு டப்பாவுல பேர் பாத்திருப்பீங்க, அதே ஊர்.

எதுக்கு இவ்ளோ தூரம்னா, அடுப்பங்கரையா ஆன சேப்பலப் பாத்தாச்சு, கொட்டகையா ஆன சேப்பலையும் பாத்துட்டாத்தான் என் சந்தேகம் தீரும்.

திங்கள், பிராட்வெல்-ஆன்-சீ

காத்து. காருக்குக் கதவத் தொறக்க ரெண்டு கை வேணும். டெங்கி தீபகற்பத்தோட முனை இது, ரோடு முடியற எடத்துல கார நிறுத்திட்டு வயல் நடுவுல நேரா போற மண் பாதையில நடக்கணும், பழைய ரோமன் பாதைன்னு சொல்றாங்க. தூரத்துல நட்டு வச்ச பெட்டி மாதிரி ஒண்ணு தெரியும், அதுதான் செயின்ட் பீட்டர்-ஆன்-த-வால். இந்தாண்ட திரும்பினா 1962லேருந்து 2002 வரைக்கும் ஓடின பிராட்வெல் அணு மின் நிலையம், அதுவும் பெட்டிதான். ரெண்டையும் ஒரே ஃபோட்டோவுல எடுக்கக்கூடாதுன்னு எல்லாரும் கஷ்டப்பட்டு கோணம் பாக்கறாங்க, நான் சேத்தே எடுத்தேன்.

654 வாக்குல கட்டினது. ஓடாவுக்கு நானூறு வருஷம் முந்தி. லிண்டிஸ்ஃபார்ன் தீவுல படிச்ச செட்ங்கற துறவி, கிழக்கு சாக்சன் ராஜா சிகபர்ட் கூப்பிட்டு வந்து இங்க எறங்கினார். பீட்ங்கற துறவி எழுதின 731ஆம் வருஷத்துச் சரித்திரத்துல இந்த எடத்தோட பேர் வருது. எறங்கின எடத்துல ஏற்கனவே ஒத்தோனான்னு ரோமன் கோட்டை ஒண்ணு பாழா கெடந்துச்சு, 3ஆம் நூற்றாண்டுல கடல் கொள்ளைக்காரங்களுக்குப் பயந்து கட்டினது. கல்லு தேடி எங்கயும் போகல, கோட்டைக் கல்லையும் செங்கல் ஓட்டையும் எடுத்து, கோட்டை மதிலோட வாசல் இருந்த எடத்துலயே சர்ச்சக் கட்டிட்டார், அஸ்திவாரம் மிச்சம். பேர்ல "வால்", அதாவது மதில் வர்றது அதனாலதான். பக்கத்துல போய்ப் பாத்தா சுவர்ல செகப்பு செகப்பா ரோமன் ஓடு இன்னும் தெரியுது. அந்தக் கோட்டையில பாதிக்கு மேல கடல் தின்னுடுச்சு.

செட் பாவம், 664ல ஐரிஷ் வழக்கமா ரோமன் வழக்கமான்னு முடிவு பண்ண விட்பில நடந்த பெரிய சபையில ரெண்டு கட்சிக்கும் மொழிபெயர்ப்பாளரா நின்னவர், அதே வருஷம் வடக்க லாஸ்டிங்காம்ல கொள்ளைநோயில போயிட்டார். செய்தி கேட்டு எசெக்ஸ்லேருந்து ஒரு 30 துறவிங்க அவர் சமாதி பக்கத்துல வாழணும், இல்ல சாகணும்னு கெளம்பிப் போனாங்களாம். பீட் சொல்றார், ஒரு சின்னப் பையனத் தவிர அத்தனை பேரும் அதே நோயில செத்துட்டாங்க.

அப்பறம் பல நூறு வருஷம் ஊர் சர்ச்சுக்குக் கிளையா ஓடிச்சு, பின்னாடி அதுவும் நின்னு, கொட்டகை ஆயிடுச்சு. தானியம், வைக்கோல், வண்டி. பெரிய வண்டி உள்ள போகணுமே, அதுக்காக பக்கவாட்டுச் சுவரையே கதவு அகலத்துக்கு ஒடைச்சிருக்காங்க. அத அடைச்ச தடம் வெளியிலேருந்து பாத்தா அச்சா தெரியும், கல்லோட நெறமே வேற. டீர்ஹர்ஸ்ட்ல நான் பேசின பேச்சுக்கு இங்க ஒரு குட்டு. புழக்கம் காப்பாத்தும், ஆனா கூலி கேக்கும். கிழக்குப் பக்கம் இருந்த அரைவட்ட அறை போச்சு, பக்கத்து அறைங்க போச்சு, கிழக்குச் சுவர்ல பழைய ஆர்ச்சு வளையத் தொடங்கற எடம் மட்டும் ஓட்டுத் துண்டுகளா நிக்குது. கொட்டகைக்குத் தேவைப்பட்டது நடுக்கூடம், அதனால நடுக்கூடம் நிக்குது.

ஒரு வழியா இது சர்ச்சுதான்னு உறுதியாகி, பழுது பாத்து, 1920 ஜூன் 22 அன்னிக்கு மறுபடி அபிஷேகம் பண்ணினாங்க. இன்னிக்கு கிரேடு 1 பாதுகாப்பு, ஒரு கல்ல நகட்டணும்னாலும் அனுமதி வாங்கணும். இங்க பெஞ்சு இருக்கு, பீடம் இருக்கு, பூச இன்னும் நடக்குது, ஜூலை மொத சனிக்கிழமை பெரிய யாத்திரையே உண்டு. பீடத்துல மூணு கல்லு பதிச்சிருக்கு, அயோனா, லிண்டிஸ்ஃபார்ன், லாஸ்டிங்காம்லேருந்து ஒவ்வொண்ணு, செட்டோட தொடர்புள்ள மடங்கள்னு வச்சுக்கலாம். மின்சாரக் கனெக்‌ஷன் இல்லாத வெளிச்சம், ஜன்னல் வழியா வர்றதுதான்.

எது பிடிச்சுதுன்னு கேட்டா வீட்டுக்காரர் இதுன்றார், "இதுல உயிர் இருக்கு, அது வெறும் ரூம்"ங்கறார். எனக்கு ஓடாதான். இங்க எல்லாம் அழகா எடுத்து வச்சிருக்கு, கடல் இருக்கு, காத்து இருக்கு, யாருக்கும் பிடிக்கும். அங்க ஒருத்தன் கூடப்பொறந்தவனுக்காகக் கட்டினதும், அதுக்குள்ள பல நூறு வருஷம் சோறு வெந்ததும் ரெண்டும் ஒரே சுவர்ல கெடக்கு, ரெண்டுல எதையும் தனியா பிரிச்சு எடுக்க முடியல.

போறவங்களுக்கு: ரெண்டு எடத்துலயும் டிக்கெட் இல்ல. ஓடா சேப்பல்ல சுத்திப் பாக்க இருபது நிமிஷம் போதும், அதனால பக்கத்து செயின்ட் மேரிஸ் சர்ச்சையும் சேத்து அரை நாள் வச்சுக்கோங்க, ஆறு பெருகற மாசத்துல போறதுன்னா வெள்ள எச்சரிக்கைய ஒரு தடவ பாத்துட்டுக் கெளம்புங்க. கிராமத்துல கடை கிடையாது, சாப்பாடு டூக்ஸ்பரில முடிச்சுக்கணும். பிராட்வெல்ல மழை பெஞ்சா அந்த மண் பாதை முழுக்க சேறு, நல்ல ஷூ போடுங்க, ஸ்வெட்டர் மே மாசத்துலயும் வேணும். பசங்களக் கூட்டிட்டுப் போனா டெர்ரிய மறக்காதீங்க, தரையிலயே தேடுங்க.